ஒரு தேநீருக்கு ஒரு பவுண்ட்

என் மேசை லாச்சியில் சித்தப்பாவின் கொப்பி ஒன்று இருக்கிறது. நீல மட்டை, ஒற்றைக் கோடு. யாழ்ப்பாணத்தில் உப தபாலதிபராக இருந்த காலத்தில் முத்திரைக் கணக்கும் காசுக்கட்டளைக் கணக்கும் எழுதிப் பழகிய கை அவருடையது. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நூல் பிடித்ததுபோல நிற்கும். 2022 நவம்பர் 3ஆம் திகதிப் பக்கத்தில் அன்றைய காஸ் செலவை இப்படி எழுதியிருக்கிறார்: நித்திரை, 28 பென்ஸ். ஹீட்டர் (காலை 6 மணி), 0. முகம் கழுவியது, 0. தேநீர், 1.01. குளிப்பு, 63. குளிப்பு மீதி, 27. சோறு பருப்பு, 0. கோப்பை கழுவியது, 6. கீழே இரட்டைக் கோடு போட்டு, மொத்தம் 2 பவுண்ட் 25 பென்ஸ். கூட்டல் சரி. மீட்டர் சரி. மீட்டர் அனுப்பியதைக் காட்டிய திரையும் சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு வரிகூட உண்மை இல்லை. அந்தப் பக்கம் அப்படி எழுதப்பட்டதற்கு நான் சொன்ன ஒரு சொல்தான் காரணம் என்பது என்னை இன்றுவரை விடவில்லை.

உடனே

சித்தி போனபின் சித்தப்பா லண்டன் ஹரோவில் அந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். காஸ் மீட்டர் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டிக்குள். மாதம் ஒருமுறை டோர்ச் லைட்டோடு குனிந்து அதன் எண்ணைப் படித்து அனுப்ப வேண்டும். படிக்கத் தவறினால் நிறுவனம் மதிப்பிட்டு ஒரு பில் அனுப்பும். மதிப்பீடு என்ற சொல்லே அவருக்கு ஒவ்வாது. எண்ணிப் பார்க்காமல் எழுதிய கணக்குக்குக் கையெழுத்து வைக்காத மனிதர் அவர். ஸ்மார்ட் மீட்டர் இங்கே கட்டாயமில்லை. வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். நான்தான் விடாமல் பேசி, 2022 கோடையில் போட வைத்தேன். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்பதால் அவருடைய கணக்கை என் தொலைபேசிச் செயலியில் பதிந்துகொண்டேன். குசினி மேசைக்கு ஒரு சிறு திரை வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக மின்கேத்தலைப் போட்டேன். பத்து விநாடிக்குள் திரையில் எண் மேலே எழும்பியது. கேத்தல் அணைந்ததும் விழுந்தது. சித்தப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! "பார்த்தீர்களா சித்தப்பா, எது எவ்வளவு இழுக்கிறது என்று இனி உடனே தெரிந்துவிடும்" என்றேன். அந்த 'உடனே' மின்சாரத்துக்கு மட்டும் பொருந்தும் சொல் என்பது எனக்குத் தெரியாது. மின்மீட்டர் மின்கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எப்போதும் உயிர் உண்டு, பத்து விநாடிக்கு ஒருமுறை பேசும். காஸ் மீட்டருக்கு மின் இணைப்பு கிடையாது. அது ஒரு பற்றரியில் பல ஆண்டுகள் ஓட வேண்டும். ஆகையால் அது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை விழித்து, மின்மீட்டரின் தலையில் இருக்கும் தொடர்புப் பெட்டிக்குத் தன் எண்ணை வானலையில் அனுப்பிவிட்டு மறுபடி உறங்கும். அதாவது 6.05க்கு எரிந்த காஸ் 6.30க்குத்தான் திரைக்கு வரும். ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண்கள். ஒன்று இப்போது நடப்பது, மற்றது முடிந்துபோனது. எது எதுவென்று திரையில் எழுதியிருக்கவில்லை.

பிறகு ஒக்டோபர் 1 வந்தது. அன்றிலிருந்து அரசு உத்தரவாத விலை: சராசரியாகக் காஸ் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) 10.3 பென்ஸ், மின்சாரம் 34 பென்ஸ், காஸ் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக் கட்டணம் ஒரு நாளைக்கு 28 பென்ஸ். 2,500 பவுண்ட் என்று எல்லாச் செய்தியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது வழக்கமான அளவு செலவழிக்கும் வீட்டுக்கான ஓராண்டுக் கணக்கு. உச்சவரம்பு யூனிட் விலைக்குத்தான், பில்லுக்கு இல்லை. அதை நான் சித்தப்பாவுக்கு விளக்கினேன். விளங்கியது. விளங்கியதும் அவர் செய்த முதல் காரியம் மின்கேத்தலை அலுமாரிக்குள் வைத்தது. 34 எங்கே, 10 எங்கே! தேநீருக்கு இனிக் காஸ் அடுப்பு. இரண்டாவது காரியம், கொப்பி வாங்கியது.

டிசெம்பர் தொடக்கத்தில் செயலியைத் திறந்தேன். ஒக்டோபரில் 410 யூனிட், நவம்பரில் 290. குளிர் ஏறும் மாதத்தில் செலவு இறங்கியிருக்கிறது. பச்சை நிறத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. நான் அவரைக் கூப்பிட்டு, "நன்றாகச் சமாளிக்கிறீர்கள் சித்தப்பா" என்று பாராட்டினேன். "ஓம் பிள்ளை, கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன்" என்றார். ஒக்டோபரைவிட நவம்பர் குளிர் கூடிய மாதம் என்பது எனக்குத் தெரியாதா? அந்த அம்புக்குறியைப் பார்த்தவுடன் மனம் யோசிப்பதை நிறுத்திவிட்டது.

டிசெம்பர் 11

அந்த வாரம் முழுக்க லண்டன் உறைந்து கிடந்தது. ஞாயிறு மாலை முருங்கைக்காயும் அரிசிமாவும் எடுத்துக்கொண்டு ஹரோவுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஓவர்கோட்டோடும் கம்பளித் தொப்பியோடும் நின்றார். எங்கோ புறப்படுகிறார் என்று நினைத்து, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் எங்கும் போகவில்லை. உள்ளே வந்ததும் என் மூச்சு எனக்கே தெரிந்தது. கூடத்துச் சுவரில் தெர்மோஸ்டாட் 11 பாகை காட்டியது. உட்கார்ந்து பேசினோம். பத்து நிமிடம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் யாரும் பத்து நிமிடம் தேநீர் இல்லாமல் உட்கார்ந்ததில்லை. சித்தி இருந்த காலத்தில் தபால்காரருக்குக்கூட ஒரு கோப்பை உண்டு. அன்று என்னிடம் "தேநீர் வேண்டுமா?" என்று அவர் கேட்கவில்லை.

நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

அதை நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒக்டோபர் கடைசியில், காஸ் பாய்லரில் ஓடும் ஹீட்டரைப் போடத் தொடங்குகிறார். காலை ஆறிலிருந்து ஏழு வரை. திரைக்கு முன் உட்கார்ந்து ஆறு மணிக்குப் பார்க்கிறார், ஆறே காலுக்குப் பார்க்கிறார். எண் அசையவில்லை. ஆகவே ஹீட்டர் 0. ஆறரைக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கிறார். எண் பாய்கிறது. தேநீர் 1.01. நவம்பர் 5 முதல் காலைத் தேநீரை நிறுத்துகிறார். ஆறரைக்கு எண் அப்போதும் பாய்கிறது. அந்த நாளின் பக்கத்தில் 'தேநீர்' இருந்த இடத்தில் எழுதியிருக்கிறார்: 'சும்மா இருந்தது, 1.01.' அடுத்த நாளும், சும்மா இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பிறகு சுடுநீர்க் குளிப்பை வாரத்துக்கு ஒன்றாக்குகிறார். 'மீதி' என்று இருந்த 27 மறைகிறது. ஏழு மணிக்கு வரும் 63 மறையவில்லை. சோறு சமைக்கச் செலவில்லை, ஆனால் தட்டைக் கழுவினால் ஆறு பென்ஸ். அதன் பக்கத்தில் ஒரு சிறு கேள்விக்குறி. நவம்பர் 12இல் முடிவுக்கு வருகிறார். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் காசு ஓடுகிறது, ஆகவே பாய்லர் பழுது. பழுதுபார்க்க ஆள் கூப்பிட்டால் அதுவேறு செலவு. வெயில் காலம் வரட்டும். அன்று பாய்லரை முழுவதுமாக அணைத்துவிடுகிறார். அந்தப் பக்கத்தின் மொத்தம்: 34 பென்ஸ். கீழே அடிக்கோடு.

அன்றிலிருந்து நான் போன நாள்வரை, ஒரு மாதம், எழுபத்தாறு வயதில் அவர் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவியிருக்கிறார். அந்த மாதத்தின் நடுவில்தான் நான் அவரைப் பாராட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாக விலக்கி, ஒன்றை மாற்றினால் மற்றவற்றை மாற்றாமல், நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார். ஆய்வுகூடத்தில் இதைவிட ஒழுங்காகச் செய்ய முடியாது. கணக்கு உதைத்த இடத்தில் கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் மறைக்கப்பட்டிருந்தது.

நான் தொலைபேசியில் நவம்பர் 3ஆம் திகதியை எடுத்தேன். செயலியில் அரை மணி அரை மணியாகப் பட்டைகள். மறுநாள்தான் வரும், ஆனால் எந்த அரை மணி என்பது கீழே எழுதியிருக்கும். 6.00 முதல் 6.30 வரை 9.8 யூனிட். 6.30 முதல் 7.00 வரை 6.1. நண்பகலுக்குச் சற்றுப்பின் 0.6. தொலைபேசியைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் விரலால் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தேன், என்ன சொல்வதென்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, குசினி மேசைத் திரையைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "பிள்ளை, இது கடிதம் போட்ட திகதி இல்லை. வந்து சேர்ந்த திகதி."

நான் பிறகு படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இருக்கவில்லை.

புட்டு

அவருக்குச் சொல் போதாது, நிரூபணம் வேண்டும். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. பாய்லர் அணைந்தபடியே இருந்தது. நான் டோர்ச்சோடு போய் மீட்டர்ப் பெட்டியைத் திறந்து, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை எண்ணைப் படித்துச் சன்னல் வழியாகச் சொன்னேன், அவர் எழுதினார். கொண்டுபோன அரிசிமாவில் புட்டு அவித்தோம், அடுப்பு இருபது நிமிடம். மறுபடி படித்தேன். வித்தியாசம் 0.052 கன மீட்டர்.

கன மீட்டர் என்பது பருமன். பில் வருவது அதன் வெப்பத்துக்கு. பிரிட்டன் பில்களின் பின்பக்கத்தில் அந்த வாய்பாடு இருக்கும், யாரும் படிப்பதில்லை. கன மீட்டரை 1.02264ஆல் பெருக்கி, காஸின் எரிவெப்ப மதிப்பால் (ஒரு கன மீட்டர் எரிந்தால் தரும் வெப்பம்) பெருக்கி, 3.6ஆல் வகுக்க வேண்டும். எரிவெப்ப மதிப்பு 39.4 என்று வைத்தால் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11.2 யூனிட். சித்தப்பா கையாலேயே பெருக்கினார். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்ட புட்டுக்கு 0.58 யூனிட், ஆறு பென்ஸ். அடுத்து பாய்லரை மூட்டினோம். அரை மணியில் 0.88 கன மீட்டர். ஒரு பவுண்ட் ஒரு பென்ஸ். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்போது தேநீருக்கு?" என்று கேட்டார். அரைக் கேத்தல் தண்ணீருக்கு அடுப்பில் இரண்டு மூன்று பென்ஸ் ஆகும். மின்கேத்தலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடுப்புச் சுடரில் பாதிக்குமேல் பாத்திரத்தைத் தாண்டி வீணாகப் போகிறது, கேத்தலில் போவதில்லை. யூனிட் விலையை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியாது.

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். அன்று மூன்று கோப்பை தேநீர் குடித்தோம்.

எந்த நேரத்தின் எண்

காஸ் செலவைத் துல்லியமாக அறிவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மீட்டரைப் பற்றியே பேசுகிறார்கள். மீட்டர் பொய் சொல்கிறதா, பருமன் வெப்பமாகச் சரியாக மாறுகிறதா, கன மீட்டரில் அளக்கும் மீட்டரைப் பழைய கன அடி மீட்டராக எடுத்துப் பில்லை மூன்று மடங்குக்கு அருகில் உயர்த்திவிட்டார்களா என்று. இவை எல்லாம் நடக்கின்ற பிழைகள், கவனிக்கவேண்டியவை. ஆனால் சித்தப்பாவின் வீட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. மூன்று தசம இலக்கம் வரை சரியான ஓர் எண், தன் நேரத்தைச் சொல்லாமல் விட்டது. அவ்வளவுதான். எது எப்போது எரிந்தது என்று தெரியாத எண்ணைக்கொண்டு எதை நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்தால், குற்றமற்றது தண்டிக்கப்படும். ஹீட்டர் தப்பியது, தேநீர் மாட்டியது.

அந்தத் திரையைச் செய்தவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. காஸ் எண்ணுக்குக் கீழே '6.30 வரை' என்று ஒரு சிறு வரி. பற்றரி அதனால் ஒரு நாள்கூடச் சீக்கிரம் தீராது. நள்ளிரவில் சேரும் 28 பென்ஸுக்கு 'நிலைக் கட்டணம்' என்று ஒரு பெயர்; அது இல்லாததால்தான் ஒரு கிழவர் தன் நித்திரைக்கு விலை எழுதினார். பக்கத்தில் அறையின் வெப்பநிலை. வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 11 பாகை வீட்டில் இறங்கும் செலவுக்குப் பச்சை அம்புக்குறி போடும் செயலி, தான் எதைப் பாராட்டுகிறது என்று அறியாமல் பாராட்டுகிறது. நானும் அப்படித்தான் பாராட்டினேன். அந்தக் குளிர்காலத்தில் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு தவணையில் 400 பவுண்ட் தந்தது. டிசெம்பர் தவணை 67. அது மின்கணக்கில் போய்ச் சேர்ந்தது, திரையில் எங்கும் தெரியவில்லை. சித்தப்பா பார்த்ததெல்லாம் ஏறும் எண் மட்டும்.

உண்மையில் மிச்சம் பிடிக்க வழி இருந்தது. அவருடையது காம்பி பாய்லர், குழாய்ச் சுடுநீருக்கும் ரேடியேட்டர்களுக்கும் ஒன்றே. ரேடியேட்டர்களுக்குப் போகும் நீரை அது 75 பாகைக்குச் சூடாக்கிக்கொண்டிருந்தது. இந்த வகைப் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதற்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 75இல் அனுப்பினால் பெரும்பாலும் அது நடக்காது. 60க்கு இறக்கச் சொல்லி அந்த இலையுதிர் காலத்தில் நெஸ்டா என்ற பிரிட்டன் அறக்கட்டளை பிரசாரமே நடத்தியது. அன்றிரவு இறக்கினேன். குழாயில் உடனே சுடுநீர் வருவதற்காகப் பாய்லர் நாள் முழுக்கத் தன்னைச் சூடாக வைத்திருக்கும் வசதியையும் அணைத்தேன். தெர்மோஸ்டாட்டை 18இல் வைத்தேன். அதற்குப் பிறகு காலைப் பட்டை குட்டையாகி, நீளமாகப் பரவியது.

டிசெம்பர் முடிவில் செயலி 520 யூனிட் என்றது. சிவப்பு அம்பு, மேல்நோக்கி. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. நவம்பருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, விலையில் 24 பவுண்டுக்குச் சற்றுக் கீழே.

நான்கு பென்ஸ்

இப்போது ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு, அந்த நேரத்தோடு ஒரே ஒரு எண் எழுதுகிறார். பக்கத்தில் கூடத்தின் வெப்பம், வெளியின் வெப்பம். திரையின் ஓரத்தில் அஞ்சல் உறைத் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்: 'அரை மணி பிந்தியது.' பழைய கொப்பியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி பில் வந்த அன்று கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "பிள்ளை, திரைக்கும் பில்லுக்கும் நான்கு பென்ஸ் உதைக்கிறது." நான் பில்லை எடுத்துப் பார்த்தேன். குழாயில் வரும் காஸ் எப்போதும் ஒரே காஸ் அல்ல. எந்தக் கடலிலிருந்து, எந்தக் கப்பலில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் எரிவெப்ப மதிப்பு மாறும். நாளாந்தம் பகுதி பகுதியாக அளந்து, பில்லுக்கு அந்தக் காலத்தின் சராசரியை எடுப்பார்கள். அவருடைய திரை ஒரே மதிப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தது. நான்கு பென்ஸ் அங்கேதான் போயிருந்தது. அவர் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்து, திருப்தியோடு ஒரு சரி போட்டதைத் தொலைபேசியிலேயே கேட்டேன்.

பிறகு, "அந்த 1.02264 எதற்கு?" என்றார். காஸ் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எல்லா வீட்டுக்கும் காஸ் 12.2 பாகையில் வருவதாக வைத்து ஒரே திருத்தம் போடுகிறார்கள், உயரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பேனா தாளில் ஓடும் ஒலி. "நம்முடைய மீட்டர் வெளிச்சுவரில் அல்லவா இருக்கிறது," என்றார். "அப்படியானால் பனி விழுந்த அன்று, 0 பாகையில், அதே எண்ணுக்கு நாலு வீதம் கூடுதல் காஸ் வந்திருக்கிறது." சரிதான் சித்தப்பா என்றேன். அந்தப் புட்டின் கணக்கைத் திருத்த வேண்டும், பழைய கொப்பியை அடுத்த முறை வரும்போது கொண்டுவா என்றார்.